குழியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மன்னார்குடியில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் பூனை இல்லாத நாள் கிடையாது. அப்படியிருந்தும் ஒரு விஷயம் தெரியாமல் போய், போன ஆவணியில் சின்னானைப் பறிகொடுத்தேன். நாலு வயசு, மஞ்சள் கடுவன்.

அன்று சனிக்கிழமை சாயங்காலம். கொல்லையில் கிடந்த மணலுக்குப் போவதும், குழி பறிப்பதும், குந்துவதும், எழுந்து வருவதுமாக இருந்தான். ஒரு ஜாக்கெட்டுக்கு நான் கை வைத்து முடிப்பதற்குள் நாலு தடவை போய்விட்டான். மலச்சிக்கல் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அக்காவும் அதையே சொன்னார்கள். ஒரு கரண்டி விளக்கெண்ணெய் புகட்டிவிட்டு மறுபடி மிஷினில் உட்கார்ந்துவிட்டேன்.

எழுந்து போய் அந்த மணலைப் பார்த்திருக்க வேண்டும். ஆறேழு குழி இருந்தது, ஒன்றில்கூட ஈரம் இல்லை. இதை நான் பார்த்தது திங்கட்கிழமை, எல்லாம் முடிந்த பிறகு.

ராத்திரி முழுக்க மூத்திரம் போகிற இடத்தையே நக்கிக்கொண்டிருந்தான். அடித்தொண்டையில் கத்தினான். பசிக்குக் கத்துகிற குரலும் இல்லை, சண்டைக்குக் கத்துகிற குரலும் இல்லை. ஞாயிறு காலை நெத்திலியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மத்தியானம் நுரை நுரையாக வாந்தி. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இருக்க மாட்டார், விடிந்ததும் முதல் ஆளாகப் போய்விடலாம் என்று இருந்துவிட்டேன். சாயங்காலம் கத்துவதை நிறுத்திவிட்டு மிஷினுக்கு அடியில் போய்ப் படுத்தான். வலி விட்டுவிட்டது என்று நினைத்து நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

திங்கட்கிழமை டாக்டர் அடிவயிற்றில் கை வைத்ததுமே அவர் முகம் மாறியது. என் விரலையும் பிடித்து மெதுவாக வைத்துக் காட்டினார். பெரிய எலுமிச்சம்பழ அளவில் கெட்டியாக இருந்தது. "இது மலம் இல்லம்மா, மூத்திரப்பை. அடைச்சுக்கிச்சு" என்றார். கடுவனுக்கு மூத்திரக்குழாய் நுனியில் ரொம்பக் குறுகல். மணல் போன்ற உப்புத் துகளும் சளியும் சேர்ந்து அதில் அடைத்துக்கொள்ளுமாம். பெட்டைக்குக் குழாய் அகலம் என்பதால் இப்படி அடைப்பது அபூர்வம். அடைத்துவிட்டால் மூத்திரத்தோடு போக வேண்டிய பொட்டாசியம் ரத்தத்திலேயே ஏறி, இதயத்தை நிறுத்திவிடும். ஒன்றிரண்டு நாள்தான் கெடு. ஞாயிறு சாயங்காலம் அவன் அடங்கியது குணமாகி அல்ல. மெல்லிய குழாய் ஒன்றை விட்டார். டிகாக்ஷன் நிறத்தில் இறங்கியது. அன்று மத்தியானம் என் மடியிலேயே போய்விட்டான்.

இந்த வைகாசியில், அதே தாய் போட்ட அடுத்த ஈத்துக் கடுவன் கருப்பன், அதே மாதிரி மூன்றாவது தடவையாகப் போய்க் குந்தினான். ஓடிப்போய் மணலைத் தொட்டேன். காய்ந்திருந்தது. பாதி தைத்த துணியை ஊசியிலேயே விட்டுவிட்டு, அவனைக் கூடையில் போட்டு, ஆட்டோ பிடித்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டார்கள். அது நழுவாமல் இருக்கத் தோலோடு சேர்த்து ரெண்டு தையல் போட்டார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். இப்போது அவனுக்கு உலர்ந்த தீனி கிடையாது. மீன் வேகவைத்த தண்ணீரையே சோற்றில் ஊற்றிப் பிசைந்து வைக்கிறேன். உப்புப் போடுவதில்லை. வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறது.

பூனை வளர்ப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். கடுவன் அடிக்கடி குந்தி முக்குகிறது, மூத்திரம் வரவில்லை என்றால் அது ராத்திரியானாலும் டாக்டரைத் தேட வேண்டிய நேரம். வயிற்றை நீங்களே அமுக்கிப் பார்க்காதீர்கள், மூத்திரப்பை வெடித்துவிடக்கூடும். நமக்குப் போடுகிற பாரசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது விஷம். அன்று சனிக்கிழமை நான் அந்த அட்டையையும் கையில் எடுத்தேன், நல்லவேளை கொடுக்கவில்லை.

மாடு கன்று ஈன முடியாமல் தவித்தால் 1962-க்குப் போன் போட வேண்டும் என்பது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். பூனையை எப்போது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. கால்நடை மருந்தகங்களின் வாசலில் இதை நாலு வரியில் ஒரு போர்டாக எழுதி வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அவசரத்துக்கு எங்கே போவது என்பதையும் அதிலேயே எழுதலாம்.

இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் வெள்ளிக்கிழமைப் பேப்பரில் போடுங்கள் ஐயா. படித்துவிட்டுச் சந்தேகப்படுகிறவர்களுக்குச் சனிக்கிழமை காலையில் டாக்டர் இருப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி.