விடை போதாது, விளக்கமும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் கடிதம் பகுதியில் அலோர் ஸ்டாரிலிருந்து ஓர் அன்பர் எழுதியிருந்ததைப் படித்தேன். நீங்கள் புதிதாகப் போட ஆரம்பித்திருக்கும் புதிர்க் குறுக்கெழுத்தை நிறுத்திவிட்டுப் பழையபடி நேரடிக் கேள்வி உள்ளதையே போடச் சொல்கிறார். குறிப்புக்கும் விடைக்கும் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சு மாதிரி இருக்கிறதாம். அவர் கோபத்தில் பாதிக்கு நானும் பங்காளிதான். ஆனால் நிறுத்தச் சொல்கிறாரே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. குறை புதிரில் இல்லை ஐயா, மறு வாரம் நீங்கள் விடையைப் போடும் விதத்தில் இருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் வந்த குறிப்பு: 'கனவாம், கலைந்ததும் ஏறிப்போக உதவும் (4)'. அடைப்பில் உள்ள எண் விடையின் எழுத்துக் கணக்கு. பட்டர்வொர்த்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக ஃபெரியில் உட்கார்ந்தபோது பேப்பரை எடுத்தேன், அக்கரை இறங்கும் வரைக்கும் இந்த ஒரு வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கனவில் ஏறிப்போவது என்ன, புஷ்பக விமானமா, ஐராவதமா என்றெல்லாம் மண்டை சுற்றியது. மறு ஞாயிறு விடைப் பட்டியலில் 'வாகனம்' என்று ஒரே ஒரு சொல் இருந்தது, அவ்வளவுதான். விஷயம் தெரியாதவர் இதைப் பார்த்தால் 'கனவுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம், போங்கடா' என்று பேப்பரை மடித்து வைத்துவிட மாட்டாரா? அதன் பக்கத்திலேயே 'கனவாம் என்ற சொல்லின் எழுத்துகளான க, ன, வா, ம் நான்கையும் கலைத்து அடுக்கினால் வாகனம். ஏறிப்போக உதவுவது என்பது அதன் பொருள்' என்று ஒரு வரி இருந்திருந்தால்? கனவு கலைவது, எழுத்து கலைவது, இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் பொருந்தியதைப் பார்த்து அலோர் ஸ்டார் அன்பரே சிரித்திருப்பார். எனக்குப் புரிந்தபோது வாய்விட்டுச் சிரித்தேன், அதுவும் மருமகன் வீட்டுக் கூடத்தில்.

இந்த வகைப் புதிருக்கு முக்கியச் சூத்திரம் ஒன்றுதான். பெரும்பாலான குறிப்புகளில் இரண்டு துண்டு இருக்கும். ஒரு துண்டு விடையின் பொருளைச் சொல்லும், பெரும்பாலும் அது வாக்கியத்தின் தொடக்கத்தில் இருக்கும், இல்லை கடைசியில் இருக்கும். மற்றத் துண்டு அதே விடையை எழுத்து எழுத்தாகக் கட்டிக் காட்டும். இரண்டும் சேர்ந்து வேறு ஏதோ கதை பேசுவது போல ஒரு வாக்கியமாக நிற்கும், அந்தக் கதையை நம்பினால் மாட்டிக்கொள்வோம். இதில் நம் ஆட்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும் என்பதுதான் வேடிக்கை. தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த சாதாரணக் குறுக்கெழுத்திலேயே வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று எழுதச் சொல்வார்கள், அடைப்புக்குள் 'கலைந்துள்ளது', 'வால் இல்லை' என்று போடுவார்கள். அந்த அடைப்பை எடுத்துவிட்டு அதே சொல்லை வாக்கியத்துக்குள்ளேயே ஒளித்து வைத்தால் புதிர்க் குறுக்கெழுத்து ஆகிவிட்டது.

இது வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கு எதற்கு என்றும் அந்த அன்பர் கேட்டிருந்தார். இந்தக் கட்டம் போட்ட வடிவம் அங்கிருந்து வந்தது உண்மைதான். 1913இல் நியூயார்க்கில் முதல் குறுக்கெழுத்து வந்தது, 1926இலிருந்து லண்டன் அப்சர்வர் பத்திரிகையில் ஒருவர் டார்க்கிமாடா என்ற பெயரில் இந்த மாதிரி புதிராகவே போட ஆரம்பித்தார். அது ஸ்பெயினில் சமய விசாரணை என்ற பெயரில் ஆட்களை வதைத்த பாதிரியாரின் பெயர், என்ன குசும்பு பாருங்கள்! ஆனால் எழுத்தை வைத்து விளையாடுவதற்கு நாம் யாரிடமும் போய்ப் பாடம் கேட்க வேண்டியதில்லை. அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தில் சித்திரகவி பகுதியைப் புரட்டினால் திருப்பிப் படிப்பது மாலைமாற்று, ஒன்றுக்குள் ஒன்றை ஒளித்து வைப்பது கரந்துறைச் செய்யுள், ஒவ்வோர் எழுத்தாகக் கழித்து வேறு வேறு சொல் எடுப்பது அக்கரச் சுதகம் என்று எல்லாவற்றுக்கும் பெயர் வைத்து முடித்துவிட்டார்கள். திருஞானசம்பந்தர் மாலைமாற்றில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார், காளமேகத்தின் சிலேடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உங்கள் புதிரில் வந்த 'மரம் பம்பரமாக, உள்ளே இருந்து அறுக்கும் (4)' என்ற குறிப்பு கரந்துறை இல்லாமல் வேறென்ன? 'மரம் பம்பரமாக' என்பதற்குள்ளேயே ரம்பம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மரத்தைப் பம்பரமாக்க முதலில் அதைத்தானே எடுக்க வேண்டும். அந்த வாரம் புதிர் போட்டவரை நேரில் பார்த்திருந்தால் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

தமிழில் மட்டுமே முடிகிற சில்லறை விளையாட்டுகளும் இருக்கின்றன. என் பேரன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். 'படத்துக்குக் கால் முளைத்தால் பள்ளியில் நடக்கும் (3)' என்ற குறிப்பை அவனிடம் வாசித்துக் காட்டினேன். முழித்தான். துணைக்கால் தெரியும்தானே என்று மட்டும் கேட்டேன், 'பாடம் பாட்டி!' என்று கத்தினான். பத்து நிமிடம் கழித்து அவனே ஒன்று செய்துகொண்டு வந்தான், 'காலொடிந்த பால், கடிக்கும் (2)'. விடை பல். பாலில் காலை எடுத்தால் பல், பல் கடிக்கும், கணக்கு சரியாக இருக்கிறது. ஒரே ஒரு விளக்கம் கிடைத்ததும் பத்து வயதுப் பையன் சொந்தமாகக் குறிப்பு எழுதுகிறான். நாலு வாரம் நீங்கள் போட்ட வெறும் விடைகளால் பெரிய மனிதர் ஒருவர் பேப்பருக்கே கடிதம் எழுதும் அளவுக்குக் கடுப்பாகிவிட்டார்.

எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தவர் என் அப்பா. கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தார். துரை படித்துப் போட்ட இங்கிலீஷ் பேப்பர் நாலைந்து நாள் கழித்து ஆபீசுக்கு வரும், அதில் குறுக்கெழுத்துப் பக்கத்தை மட்டும் கிழித்து வீட்டுக்குக் கொண்டுவருவார். விடையை எழுதுவதோடு விடமாட்டார். ஓரத்தில் பென்சிலால் ஏன் அந்த விடை என்று பொடி எழுத்தில் எழுதி வைப்பார், ஏன் என்று எழுத முடியாவிட்டால் கட்டத்தில் இருக்கும் சரியான விடையைக்கூட அழித்துவிடுவார். அம்மாவுக்கு இது பைத்தியக்காரத்தனம். தமிழிலும் எங்களுக்காக அவரே ஒன்றிரண்டு செய்வார். 'மண்டோர் தலை தெரிந்ததும் துரை வந்தார், பாண்டியன் ஊருக்கு (3)'. மண்டோர் என்றால் தோட்டத்து ஆட்களை மேய்க்கும் கங்காணி. அந்தச் சொல்லின் தலை ம, அதன் பின்னால் துரை, மதுரை. 'ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் காலையில் அப்படித்தானே வருவார்கள், முன்னால் மண்டோர், பின்னால் துரை' என்பார். இப்போது தோட்டமே செம்பனையாகிவிட்டது, மண்டோர் என்றால் பேரனுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. சரி, அது வேறு கதை.

விளக்கம் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். போன வாரத்துக்கு முந்திய வாரம் ஒரு குறிப்பு: 'மாதரைக் குழப்பினால் குளத்தில் பூக்கும் (3)'. விடை தாமரை என்று போட்டிருந்தீர்கள். நானும் அதைத்தான் எழுதினேன், குளத்தில் பூப்பது, மூன்றெழுத்து, வேறென்ன வரும். ஆனால் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். மாதரையில் இருப்பவை மா, த, ரை. தாமரைக்கு வேண்டியவை தா, ம, ரை. மகரத்தில் இருந்த காலைக் கழற்றித் தகரத்தில் மாட்டினால்தான் வரும், அதைக் குறிப்பில் எங்குமே சொல்லவில்லை. ஆங்கிலத்தில் எழுத்து உதிரி உதிரியாக இருக்கிறது, எப்படி வேண்டுமானாலும் கலைக்கலாம். நமக்கு ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, உயிர்மெய் என்றால் உயிரும் மெய்யும் ஒட்டியபடியே போக வேண்டும், இல்லையென்றால் பிரிக்கச் சொல்லி ஒரு வார்த்தையாவது இருக்க வேண்டும். 'கால் மாற்றிக் குழப்பிய மாதர் குளத்தில் பூப்பர்' என்பது மாதிரி எழுதப் பார்த்தால், மாதரையில் உள்ள ஐகாரம் போய்விடும், ரை கிடைக்காது. 'மாதரைக் கால் மாற்றிக் குழப்பினால் குளத்தில் பூக்கும்' என்று இருந்திருந்தால் என் அப்பாவே ஒத்துக்கொண்டிருப்பார். குறிப்பு என்னை ஏமாற்றலாம், அதற்குத்தான் காசு கொடுத்துப் பேப்பர் வாங்குகிறேன். பொய் சொல்லக் கூடாது. இந்த விளக்கத்தை அச்சில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இருந்திருந்தால், எழுதும்போதே புதிர் போட்டவருக்கு அந்த இடம் உறுத்தியிருக்கும்.

அப்படியே சின்னச் சின்ன விதிகளையும் ஒரு தடவை பெட்டி கட்டிப் போட்டுவிடுங்கள். 'மாதரைக் குழப்பினால்' என்பதில் நடுவில் வரும் க் சந்திக்காக வந்தது, அதை எண்ணக் கூடாது என்று எனக்குத் தெரிகிறது, புதிதாக வருபவருக்கு எப்படித் தெரியும்? ஸ்ரீ வந்தால் ஒரு கட்டமா, இரண்டா? புள்ளி எழுத்துக்குத் தனிக் கட்டம் உண்டு என்பதையே முதல் வாரம் நீங்கள் எங்கும் சொல்லவில்லை, நான் மூன்று கட்டத்தில் அடித்துத் திருத்தியதுதான் மிச்சம்.

இடம் இல்லை என்று சொல்வீர்கள். அதே பக்கத்தில் ராசிபலன் அரைப் பக்கம் போகிறது, அதில் என் ராசிக்கு வாராவாரம் பயணம் என்று போடுகிறீர்கள், நான் போவதெல்லாம் பட்டர்வொர்த்துக்குத்தான். அதில் ஒரு முழம் குறைத்தால் இருபது குறிப்புக்கும் விளக்கம் போட்டுவிடலாம்.

கடைசியாக, நானும் ஒரு குறிப்பு செய்து இத்துடன் அனுப்புகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வரும் புதிரில் இது வராது, நம் ஊரில் மட்டும்தான் செல்லும்: 'மலாய்க்காரர் ஊர், தேனிப் பக்கம் திராட்சை ஊர், இங்கே கொடியும் ஏறும் (4)'. விடை கம்பம். மலாயில் கிராமத்துக்குக் கம்போங் என்று பெயர், அதை நாம் கம்பம் என்கிறோம், பன்னீர் திராட்சை விளையும் கம்பம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, கொடி ஏறுவது கம்பத்தில். மூன்றும் நேர்ப்பொருளே, எழுத்தை எங்கும் கலைக்கவில்லை. பிடித்திருந்தால் ஏதாவது ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள், மறு வாரம் விடை போடும்போது விளக்கத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு