ஏரி மத்திய அரசுடையது, கைது மாநிலத்துடையது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை வந்துவிட்டால், அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங், ஜான்ஸ் கிரீக், சுவானி பகுதிகளில் வாழும் நம்மவர்கள் பலரும் புளியோதரையும் பிள்ளைகளுமாக லேனியர் ஏரிக்குக் கிளம்பிவிடுகிறோம். வாடகைப் படகில் ஏறும் நமக்கு, எதிரே குடித்துவிட்டுப் படகோட்டி வருபவரைத் தடுக்க வேண்டியவர் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே 1950களில் அணை கட்டியதால் உருவான இந்த ஏரியை நிர்வகிப்பது மத்திய அரசின் ராணுவப் பொறியாளர் படை. ஆனால் அதன் ரேஞ்சர்கள், தங்கள் விதிகளை மீறுவோருக்கு அபராதச் சீட்டு எழுதலாமே தவிர, எவரையும் கைது செய்ய முடியாது. மாநிலச் சட்டங்களை அதற்கென உள்ள மாநில, உள்ளூர் அமைப்புகளே அமல்படுத்தும் என்று அந்த விதிகளே கூறுகின்றன. ஆகவே, போதையில் சுக்கான் பிடிப்பவரைப் பிடிக்க ஜார்ஜியா இயற்கை வளத் துறையின் காவல் அதிகாரியான வார்டனோ உள்ளூர்க் காவலரோதான் வர வேண்டும்.

அந்த வேலை எளிதன்று. சாலையில் ஒருவரைக் கோட்டின் மேல் நடக்கச் சொல்லிச் சோதிக்கலாம். ஆடும் படகில் குடிக்காதவனே தள்ளாடுவான். எனவே உட்கார்ந்த நிலையிலேயே செய்யும் சோதனைகளை வகுத்திருக்கிறார்கள். ஒருமுறை கரையிலிருந்து பார்த்தேன்: ஒரு கையை விரித்து வைத்து, மறு கையின் உள்ளங்கையாலும் புறங்கையாலும் மாறி மாறித் தட்டச் சொன்னார் வார்டன். குழந்தை விளையாட்டுப் போலத் தோன்றியது. அந்த மனிதரோ நான்காவது தட்டிலேயே வரிசையைத் தவறவிட்டார்.

2012 ஜூனில் இந்த ஏரியில், குடித்திருந்த ஒருவர் ஓட்டிய படகு மோதி, 9 வயதும் 13 வயதுமான சகோதரர்கள் இருவர் இறந்தனர். ஜார்ஜியாவில் ரத்த ஆல்கஹால் வரம்பு அப்போது கார் ஓட்டுபவருக்கு 0.08 சதவீதம், படகோட்டுபவருக்கு 0.10. மறு ஆண்டே, அச்சிறுவர்களின் பெயரைத் தாங்கிய சட்டம் இரண்டையும் சமமாக்கியது. நாடு முழுவதும் 2023இல் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தனர். காரணம் தெரிந்த மரணங்களில் முதலிடம் மதுவுக்கே என்கிறது கடலோரக் காவல்படையின் ஆண்டறிக்கை.

ஒத்துழைப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாநிலப் படகுச் சட்ட நிர்வாகிகளின் சங்கம் கடலோரக் காவல்படையுடன் சேர்ந்து 2009 முதல் ‘ஆபரேஷன் டிரை வாட்டர்’ என்ற கூட்டுச் சோதனையை நடத்திவருகிறது. ஆனால் அதன் வேகமெல்லாம் ஜூலை 4ஐ ஒட்டிய சில நாட்களுக்குத்தான். குடிப்பவர் நாள்காட்டி பார்த்தா குடிக்கிறார்?

பொறியாளர் படையின் பூங்காக்களில் கூடுதல் காவலுக்காக மாநில, உள்ளூர் அமைப்புகளுடன் பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள 1976ஆம் ஆண்டின் நீர்வளச் சட்டம் இடமளிக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கோடையின் எல்லா வார இறுதிகளிலும், டிரெய்லரிலிருந்து படகை இறக்கும் துறைகளில் செலவிட வேண்டும் என்பதே என் கோரிக்கை. அங்கே ரேஞ்சரும் வார்டனும் ஒன்றாக நின்றால், ஐஸ் பெட்டியைக் காலி செய்துவிட்டு மீண்டும் சாவியை எடுப்பவரைத் தண்ணீரில் துரத்த வேண்டியிராது. கரையிலேயே ஊதச் சொல்லலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கம்மிங், ஜார்ஜியா.