கடைசி வரியில் இருந்த பூஜ்யம்

நியூஜெர்சியில் இந்த ஆண்டு கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பப்போகும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் எடிசனில் நடந்த பிறந்தநாள் விருந்தில், என் மகள் பொலிட்டிகல் சயின்ஸ் படிக்கப்போகிறாள் என்று சொன்னதும் கையில் தட்டோடு நின்ற நாலைந்து பேர் ஒரே குரலில் கேட்டீர்கள்: "அண்ணனும் அதைத்தானே படிச்சான்? மறுபடியுமா?" பிள்ளைகள் முன்னால் பதில் சொல்ல விருப்பமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு சின்ன வம்பு. 2020-இல் கமலா ஹாரிஸ் ஜெயித்தபோது அவர் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்த வீடியோவை நம் வாட்ஸ்அப் குழுவில் மாற்றி மாற்றிப் போட்டோமே, அவர் 1986-இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் பொலிட்டிகல் சயின்ஸும் பொருளாதாரமும்தான். அவர் படித்தால் பெருமை. என் பெண் படித்தால் துக்கம் விசாரிக்கிறீர்கள். போகட்டும். உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. நானும் பயந்தவன்தான், ஆனால் பயப்பட வேண்டிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பாடத்தைப் பார்த்துப் பயந்தேன்.

2018-இல் மகனுக்கு வந்த ஆஃபர் கடிதத்தைச் சொல்கிறேன். பனி கொட்டும் ஊரில் ஒரு தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம். கடிதத்தில் 'உதவி' என்ற தலைப்பின் கீழ் வரிசையாகத் தொகைகள்: கல்லூரி தரும் மானியம், மகன் பெயரில் பெடரல் (மத்திய அரசு) கடன், பிறகு 'பேரன்ட் பிளஸ்'. கடைசி வரியில் நீங்கள் கட்ட வேண்டியது பூஜ்யம். "பிளஸ்னா என்னங்க?" என்று மனைவி கேட்டாள். "ஏதோ கவர்மென்ட் உதவி" என்றேன். இருபது வருடம் சாஃப்ட்வேர் எழுதியவன் சொன்ன பதில் இது!

பேரன்ட் பிளஸ் பெற்றோர் பெயரில் வரும் கடன். பெடரல் திட்டத்துக்குள் அதைப் பிள்ளை பெயருக்கு மாற்ற வழியில்லை. கிரெடிட் வரலாற்றில் பெரிய கறை உண்டா என்று மட்டும் பார்ப்பார்கள். உங்களால் கட்ட முடியுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கோவிட் காலத்தில் தவணை நின்றிருந்ததால் எனக்கு உறைக்கவே இல்லை. 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியபோதுதான் தெரிந்தது: மாதம் 960 டாலர்.

மகன் ஒரு மாநில சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் வேலை செய்கிறான். சம்பளம் சுமார்தான், ஆனால் அவன் பங்குக் கடனை அவனே சமாளிக்கிறான். காரணம் எளிது. பெற்றோரைச் சார்ந்த மாணவர் தன் பெயரில் நான்கு ஆண்டுகளில் வாங்கக்கூடிய பெடரல் கடன் 5,500, 6,500, 7,500, 7,500, ஆக 27,000 டாலர்தான். 2025-26 வட்டி 6.39 சதவீதம், பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 305 டாலர். ஆரம்பச் சம்பளத்தில் வலிக்கும், ஆனால் முதுகு ஒடியாது. ஒடிப்பது பெற்றோர் பெயரில் வரும் அந்தக் கடன். 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்குப் பேரன்ட் பிளஸ் ஆண்டுக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு. நல்லதுதான். ஆனாலும் 2025-26 வட்டியான 8.94 சதவீதத்தில் 65,000-க்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், மாதம் 820 டாலர். கடன் கைக்கு வருமுன்பே நாலு சதவீதத்துக்கு மேல் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

சம்பளம் பார்க்க 'காலேஜ் ஸ்கோர்கார்டு' என்ற அரசு இணையதளம் இருக்கிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று தேடினால் இடைநிலைச் சம்பளமும் கடனும் வரும். பெடரல் உதவி வாங்கியவர்களை மட்டுமே அது எண்ணுகிறது. சம்பளத்தை அளக்கும் ஆண்டில் சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களும் சம்பளக் கணக்கில் வரமாட்டார்கள். பொலிட்டிகல் சயின்ஸில் அது சின்ன விடுபடல் இல்லை. இன்னொரு பொறி, தொழிலாளர் புள்ளியியல் துறை 'அரசியல் அறிவியலாளர்' என்ற வேலைக்குப் போட்டிருக்கும் 2023 சம்பளம்: 1,32,350 டாலர். வாயைப் பிளக்க வேண்டாம். நாடு முழுவதும் அந்த வேலையில் இருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான், பெரும்பாலும் முதுகலையோ அதற்கு மேலோ படித்தவர்கள்.

மகளுக்கு வாஷிங்டன் மேல் ஆசை. அங்கே ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கல்விக்கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 65,000-க்கு மேல். காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அலுவலக இன்டர்ன்ஷிப் வாசலிலேயே கிடைக்கும், மறுக்கவில்லை. நம் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆண்டுக் கட்டணம் 18,000-ஐ ஒட்டி, வீட்டிலிருந்தே போய்வரலாம். 1956-இல் தொடங்கிய ஈகிள்டன் அரசியல் ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. மாநிலத் தலைநகர் டிரென்டனில் இருக்கும் சட்டமன்றமும் எட்டும் தூரம். இரண்டையும் ஒரே தாளில் எழுதி அவள் முன்னால் வைத்தேன். இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் ரட்கர்ஸ் என்றாள். (வகுப்பில் முதல் 15 சதவீதத்தில் வரும் பிள்ளைகள் என்ஜே ஸ்டார்ஸ் என்ற மாநில உதவித்தொகை மூலம் இரண்டாண்டு கம்யூனிட்டி காலேஜில் கல்விக்கட்டணமின்றித் தொடங்கலாம். கௌரவம் பார்க்காதவர்கள் விசாரியுங்கள்.)

எச்-4 விசாவில் (எச்-1பி-யில் வேலை செய்பவரின் குடும்பத்துக்கான விசா) பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குப் பெடரல் கடனே கிடையாது. 21 வயதில் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறினால் பட்டத்துக்குப் பின் ஓபிடி, அதாவது வேலை பார்க்கும் அனுமதி, 12 மாதம். கணினி, பொறியியல் படித்தவர்களுக்கு வரும் கூடுதல் 24 மாதம் இந்தப் பாடத்துக்கு இல்லை. இந்தப் படிப்பு போய்ச்சேரும் பெடரல் வேலைகளில் பெரும்பாலானவை குடியுரிமை உள்ளவர்களுக்கே. அந்த வீட்டில் பாடத்தைப் பார்த்துத் தயங்குவதை நான் குறை சொல்லமாட்டேன்.

"பிறகு லா ஸ்கூல் போவான்" என்று சமாதானம் சொல்பவர்களுக்கு: 2026 ஜூலை முதல் புதிதாகச் சேர்வோருக்கு, மேற்படிப்பு மாணவர் தம் பெயரில் வாங்கிவந்த கிராட் பிளஸ் கடன் இல்லை. சட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 வரைதான் பெடரல் கடன். மிச்சத்துக்குத் தனியார் வங்கி, பெரும்பாலும் உங்கள் இணைக் கையெழுத்தோடு.

பெரும்பாலான கல்லூரிகள் மே 1-க்குள் முடிவு கேட்கும். ஆஃபர் கடிதத்தில் மானியத்தையும் கடனையும் இரண்டு நிறப் பேனாவால் பிரித்துக் கோடு போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். புரியவில்லை என்றால் சனிக்கிழமை காலை வீட்டுக்கு வாருங்கள். காபி உண்டு. என் மகனின் பழைய கடிதத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
2033 வரை தவணை கட்டப்போகும் ஓர் அப்பா