கொள்முதல் பணம் போகும் மடையை அடைத்துவிடுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். சரியாக ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 22 முதல், அதே விளையாட்டுகளுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி வந்தது. தடை செய்த ஆட்டத்துக்கு வரி எதற்கு? இதை அவையில் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்.

வரி போட்டால் ஆட்டம் குறையும் என்றார்கள். 2023 அக்டோபரிலிருந்து 28 சதவீதம் வாங்கியபோது நடந்தது என்ன? 100 ரூபாய் கட்டினால் வரி 21 ரூபாய் 88 காசு, மிச்சம்தான் ஆட்டத்துக்கு. அந்தக் குறையைப் பல ஆப்கள் ‘போனஸ்’ என்று தாமே நிரப்பித் திரையில் முழு நூறையும் காட்டின. ஆடுகிறவன் கண்ணில் வரி படவே இல்லை. அரசுக்கோ, ஆறே மாதத்தில் வருவாய் 412 சதவீதம் கூடி 6,909 கோடி ரூபாய் ஆனது என்று ஒன்றிய நிதியமைச்சர் 2024 செப்டம்பரில் சொன்னார். ஆட்டத்தை நிறுத்தப் போட்ட வரி என்று இதை எப்படி நம்புவது?

மாநிலத்திலும் குறை இருக்கிறது. 2022 அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய இணையச் சூதாட்டத் தடை மசோதா ஆளுநர் மாளிகையில் நான்கு மாதத்துக்கு மேல் கிடந்து, திரும்பி வந்து, 2023 ஏப்ரலில்தான் சட்டமானது. அதற்குள், முன்னால் போட்ட அவசரச் சட்டமும் காலாவதியாகிவிட்டது. மேடையில் கேட்டதெல்லாம் யார்மேல் பழி, யாருக்குப் பெயர் என்ற பேச்சுத்தான். 2003-இல் லாட்டரியை ஒழித்த மாநிலம் இது. ஆனால் கட்சிகளுக்கு நன்கொடை தந்தவர்களைக் காட்டி 2024 மார்ச்சில் வெளியான தேர்தல் பத்திரப் பட்டியலில் 1,368 கோடியோடு முதலிடத்தில் நின்றது ஒரு லாட்டரி நிறுவனம். அந்தப் பணத்தை வாங்கியவை பல கட்சிகள். உங்கள் கட்சி எது என்று பார்த்து எழுதவில்லை. எல்லோருக்கும்தான் எழுதுகிறோம்.

இப்போது எங்கள் ஊர்க் கணக்குக்கு வருகிறோம். ஒரு ஏக்கர் குறுவையில் 50 சிப்பம் என்று வையுங்கள். சிப்பம் 40 கிலோ, 2025-26 பருவத்தில் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய். மொத்தம் 50,900. கொள்முதல் நிலைய வாசலில் மழையில் நனைந்து, முளைவிட்டு, லாரிக்குக் காத்துக் கிடந்த நெல்லின் பணம். அறுவடை இயந்திர வாடகை, உரக்கடைப் பாக்கி, கூட்டுறவுக் கடன், அடகில் கிடக்கும் தோடு, அடுத்த மாதத் தாளடி நடவுக் கூலி எல்லாம் அதற்குள்தான். பணம் ஒரே குறுஞ்செய்தியாக வருகிறது. வருவது அப்பாவின் பொத்தான் போனுக்கு அல்ல. வங்கியில் கொடுத்த எண் மகனுடையது. ஏடிஎம் அட்டையை வைத்து யுபிஐ போட்டதும் அவன்தான், பின் எண் அவனுக்குத்தான் தெரியும். யுபிஐ வரம்பு நாளுக்கு ஒரு லட்சம். ஒரு ஏக்கர் நெல் ஒரே ராத்திரி ஆட்டத்தில் போய்விடும். விடிந்ததும் அப்பா நடவு ஆளுக்கு முன்பணம் கேட்கும்போதுதான் வீட்டுக்கே தெரியும்.

பெரிய ஆப்கள் நின்றுவிட்டன, உண்மைதான். அந்த இடத்துக்கு, டெலிகிராமில் ‘ஐடி’ (சூதாட்டத் தளத்தில் நுழையும் கணக்கு) தருகிறவர்கள் வந்துவிட்டார்கள். நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை ஆடக் கூடாது என்ற மாநில விதியெல்லாம் அவர்களை என்ன செய்யும்? க்யூஆர் கோடு ஒன்று வரும், பணம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் பாயிண்ட் ஏறும். அந்த க்யூஆர் ஏதோ ஓர் ஏழையின் வங்கிக் கணக்கு. பாஸ்புக், ஏடிஎம் அட்டை, சிம் மூன்றையும் சேர்த்து வாடகைக்கு வாங்கியிருப்பார்கள். சில மணி நேரத்தில் வேறு கணக்கு மாறிவிடும். தனியாள் தனியாளுக்கு அனுப்பிய பணமாகவே பதிவாவதால் சூதாட்டம் என்று வங்கிக்குத் தெரிவதில்லை. முதலில் 500 போட்டவனுக்கு 1,500 தட்டாமல் கொடுப்பார்கள். பெரிய தொகை ஜெயித்து எடுக்கப் போனால், “30 சதவீத வரியை முன்னால் கட்டு” என்பார்கள். உண்மையில் அந்த வரியைக் கொடுக்கிறவர்தான் பிடித்தம் செய்து கட்ட வேண்டும், ஜெயித்தவன் முன்பணம் கட்டும் வழக்கமே கிடையாது. ஆனால் அரசு வரி வாங்குவது ஊருக்கே தெரிந்ததுதானே, நம்பிக் கட்டிவிடுகிறான்.

தளத்தை முடக்கினால் மறுநாள் வேறு பெயரில் வரும். ஆகவே பணம் போகும் மடையை அடைத்துவிடுங்கள். வாடகைக் கணக்குகளைப் பிடிப்பதை மாவட்ட வங்கியாளர் கூட்டத்தில் மாதந்தோறும் கேளுங்கள். கொள்முதல் பணம் ஏறும் கணக்குக்கு யுபிஐ வரம்பை 2,000 ரூபாயாக்க விவசாயி ஒற்றைத் தாளில் எழுதிக் கொடுத்தால், வங்கிக் கிளை அன்றைக்கே செய்து தரவேண்டும்.

இன்னொன்று. இணையப் பண மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே சொன்னால், பணம் அந்தக் கணக்கில் இருக்கும்வரை முடக்க வழி உண்டு. வீட்டார் சொல்வதில்லை. ஒன்றியச் சட்டம் ஆடியவனைத் தண்டிப்பதில்லை. மாநிலச் சட்டத்திலோ ஆடியவனுக்கும் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பிள்ளையை யார் காட்டிக் கொடுப்பார்கள்? புகார் தரும் குடும்பத்தின்மேல் வழக்கு வராது என்று எழுத்தில் உறுதி வாங்கித் தாருங்கள்.

கோபத்தில் ஏதும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் சம்பா, தாளடிப் பணம் ஏறும். அதற்குள் இந்த மடையை அடைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.