கடலுக்குள் பஸ் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீரிலும் ஓடும் பஸ்ஸைப் பாம்பனுக்கும் விட்டால் என்ன என்று இங்கே பேச்சு அடிபடுகிறது. ஸ்காட்லாந்தில் 2010-ல் கிளைடு ஆற்றின் குறுக்கே, ரென்ஃப்ரூ படகுக்கு மாற்றாக, அப்படியொன்றை ஓட்டிப் பார்த்தார்கள். அன்றாடச் சேவையாகவில்லை. 2016-ல் பஞ்சாபின் ஹரிகேயில் சுற்றுலாவுக்கு விட்டதும் நிலைக்கவில்லை. அதெல்லாம் ஆறும் ஏரியும். இங்கே உப்புக் காற்றுக்கே சைக்கிள் செயின் துருப்பிடிக்கிறது. அச்சும் பிரேக்கும் தினமும் கடலில் முங்கினால் எந்தப் பணிமனை தாங்கும்? ஆடிக் காற்றில் அதை ஓட்டப்போவது யாரோ! பாம்பனில்தான் 1988 முதல் சாலைப் பாலம் இருக்கிறதே. அந்தக் காசில் தனுஷ்கோடிக்கும் தேவிபட்டினத்துக்கும் சாதாரண பஸ்களையே கூடுதலாக விடுங்கள், அதுவும் அமாவாசை நாட்களில்.

ஒரு வாசகர்,
ராமநாதபுரம்