தந்தையே, எங்கள் பள்ளிகளுக்கு ஒரு ஆளைப் போடுங்கள்

மறைமாவட்ட ஆர்.சி. பள்ளிகளின் கண்காணிப்பாளர் தந்தை அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

ஜூலையில் எங்கள் பள்ளியிலிருந்து மாணவர் விவரம் கசிந்து, ஒரு பெற்றோர் போன் மோசடியில் பணம் இழந்தது உங்களுக்குத் தெரியும். தலைமையாசிரியை சிஸ்டர் எழுதிய அறிக்கை உங்கள் மேசைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதிலுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. இணையப் பயன்பாட்டில் எல்லாப் பள்ளிகளும் விழிப்போடு இருக்க வேண்டுமாம். எதைப் பூட்டுவது, எப்படிப் பூட்டுவது என்று சொல்லித்தர ஒரு ஆள் இல்லாமல் வெறுமனே விழித்துக்கொண்டிருந்து என்ன பயன், தந்தையே?

அறிக்கையில் 'ஒரு பெற்றோர் பணம் இழந்தார்' என்று ஒரே வரியில் இருக்கிறது. அந்தப் பெற்றோர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற ஒரு அம்மா. மகன் எட்டாம் வகுப்பு. ஸ்காலர்ஷிப் வந்திருப்பதாகப் போனில் சொன்னவனுக்குப் பையனின் பெயர், பிரிவு, இறந்துபோன அப்பாவின் பெயர், பேங்க் கணக்கின் கடைசி நாலு எண் வரை தெரிந்திருந்தது. அவன் அனுப்பிய கியூஆர் கோடை அந்த அம்மா ஸ்கேன் செய்து, பின் நம்பரையும் போட்டார். குழுக் கடன் தவணைக்கு வைத்திருந்த 9,400 ரூபாய் போய்விட்டது. மறுநாள் மஞ்சப்பையில் பாஸ்புக்கோடு அலுவலக வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை. "பள்ளிக்கூடத்துலருந்துதான் பேசுறாங்கன்னு நெனச்சேன் சிஸ்டர்" என்று மட்டும் சொன்னார். சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்திருந்தால் பணத்தை நிறுத்திவைக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அந்த எண்ணை நாங்கள் எந்தப் பெற்றோருக்கும் சொன்னதில்லை.

பள்ளிக்கு இருப்பது ஒரே ஜிமெயில், ஒரே பாஸ்வேர்டு: பள்ளியின் பெயர், பக்கத்தில் தொடங்கிய வருடம். எழுத்தருக்கும் எனக்கும் தெரியும், வேலையை விட்டுப் போனவர்களுக்கும் தெரியும், நெட் போகிற நாளில் நாங்கள் ஓடுகிற பிரவுசிங் சென்டரிலும் தெரியும். வகுப்புவாரிப் பட்டியல், ஆதார், பேங்க் விவரம் எல்லாம் அந்த மெயிலில்தான். பிறகு பார்த்தபோது, எங்களில் யாரும் போயிராத ஊரிலிருந்து யாரோ அதைத் திறந்திருந்தார்கள். அலுவலகக் கம்ப்யூட்டரில் இன்னும் விண்டோஸ் 7. அதற்கு மைக்ரோசாப்ட் பாதுகாப்பு அப்டேட் தருவதை 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது.

நான் நிர்வாகம் போட்ட கம்ப்யூட்டர் டீச்சர். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தெரியும். கணக்குகளையும் தகவல்களையும் பாதுகாப்பது தனிப் படிப்பு. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒருவர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மறைமாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்து விவரம் தெரிந்த ஒரே ஒருவரைப் போடுங்கள். மாதம் ஒருமுறை வரட்டும். அவசரத்துக்குப் போன் எடுக்கட்டும். பள்ளிகளுக்கான கூகுள் கணக்கின் அடிப்படைச் சேவை இலவசம். ஆளுக்கொரு லாகின், போனில் வரும் இரண்டாவது சரிபார்ப்பு எல்லாம் அதிலேயே உண்டு. அமைத்துத்தரத்தான் ஆள் இல்லை. அப்புறம், தகவல்களை நகலெடுத்து பீரோவில் வைத்துப் பூட்ட ஒரு ஹார்டு டிஸ்க். அவ்வளவுதான்.

பணம் இல்லை என்பீர்கள். வாசலுக்குக் கேமரா போடப் பணம் இருந்தது. ஸ்மார்ட் போர்டு வாங்கி, மந்திரித்து, திறப்பு விழாவும் வைத்தோம். அரசும் அப்படித்தான். நாளொரு படிவம் கேட்கிறது, எழுத்தர் பணியிடத்தை மட்டும் நிரப்ப விடுவதில்லை. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகவலைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. அந்தப் பொறுப்பை, மாதம் 9,000 ரூபாய் வாங்குகிற எழுத்தரின் தலையில் கட்டிவிட முடியுமா?

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். அடுத்த தாளாளர்கள் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒரு ஆளைப் போடுங்கள், தந்தையே.

இந்த வாரம் ஸ்காலர்ஷிப் படிவம் மறுபடியும் வந்திருக்கிறது. அதில் பேங்க் கணக்கு எண் எழுத வேண்டும். அந்த அம்மா நேற்று வந்து, "குடுக்கலாமா டீச்சர்?" என்று கேட்டார். மாத முடிவுக்குள் அவருக்கு நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளி ஒன்றின் கம்ப்யூட்டர் ஆசிரியை