உயிலில் விடுபடும் ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் பத்திர எழுத்தராக இருக்கிறேன். உயில் எழுத வருவோர் அதைப் பதிவு செய்வதிலேயே குறியாக இருக்கிறார்கள். பதிவு நல்லதுதான், ஆனால் கட்டாயமில்லை, முத்திரைத் தாளும் வேண்டாம். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் வற்புறுத்துவது இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தை. எண்பது வயதுப் பெரியவர் தம் வயதொத்த நண்பர்கள் இருவரைச் சாட்சிக்கு அழைத்து வருகிறார். நாளை வழக்கு என்று வந்தால், கூண்டேறி 'என் கண்ணெதிரே கையெழுத்திட்டார்' என்று சொல்ல யார் இருப்பார்கள்? இளையவர்களை அழைத்து வாருங்கள் என்று மன்றாடுகிறேன்.

உயிலை நிறைவேற்றப்போவது யார் என்ற வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். உயில் மெய்யானது என்று நீதிமன்றம் வழங்கும் புரொபேட், அப்படி நியமிக்கப்பட்டவருக்கே கிடைக்கும். நியமனம் இல்லையென்றால், சொத்தைப் பெறுபவர் நிர்வாக உரிமை கேட்டுத் தனியே மனுப் போட வேண்டும்.

வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் இதற்கு மாற்றாகாது. வங்கிக் கணக்கின் நாமினியும் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. சார்பதிவாளர் அலுவலக வாசல்களில் இவற்றைப் பலகையில் எழுதிவைக்கப் பதிவுத்துறை ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பத்திர எழுத்தர், கும்பகோணம்